மூடாத குழிக்கு ஒரு பொன்னாடை

காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு மூக்குத்தி. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. எருமப்பட்டியைத் தாண்டி, கிளைச்சாலை பிரியும் முக்கில், தார்ச்சாலையின் மேலேயே ஒரு பிளெக்ஸ் பேனரை விரித்துப் போட்டு நாலைந்து பேர் அதன் ஓரங்களில் சவுக்குக் கட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். தை மாதப் பனி விலகவில்லை. கொல்லிமலை இருக்க வேண்டிய திசையில் வெறும் வெள்ளை. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மூக்குத்தியைச் சுற்றி ஒரு கிழவியின் முகம், நெற்றியில் பெரிய சிவப்புப் பொட்டு, தலைக்குப் பின்னால் சூரியக் கதிர். கீழே 'வீரத் தாயே வருக' என்று கொட்டை எழுத்து.

அந்த முகத்துக்கு உரியவரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். அவர் மூக்குத்தி போட்டதில்லை. கணவர் போன பிறகு பொட்டு வைத்ததில்லை. வெயிலில் களை வெட்டி வெட்டிக் கறுத்த முகம் அவருடையது. பேனரில் இருந்தது மைதா மாவின் நிறம்.

"மூக்குத்தி எங்கிருந்துங்க வந்துது?" என்று கட்டை கட்டியவரிடம் கேட்டேன்.

"கடைக்காரன் சும்மா போட்டுக் குடுத்தானுங்க. லட்சணமா இருக்குதில்லீங்க?"

"பொட்டும் அவன் வெச்சதுதானுங்க," என்றார் இன்னொருவர். "ஆயா பாத்தா வெளக்குமாத்தத் தூக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். பேனர் நிமிர்ந்து நின்றது. அதே முக்கில், இருபது வருடத்துக்கு முன்பு, அதே கிழவியைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அப்போதும் நாலைந்து பேர் நின்று சிரித்தார்கள்.

அப்போது நான் ஒரு நாளிதழுக்கு இந்த மாவட்டத்துச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு கோடைக் காலை, 'ஒரு பொம்பளை ரிக் வண்டியை மறிச்சுட்டுப் படுத்துக் கெடக்குதுங்க' என்று அலுவலகத்துக்குப் போன் வந்தது. டவுன் பஸ் பிடித்துப் போனேன். இங்கே மானாவாரி நிலத்தைக் காடு என்பார்கள். அப்படி ஒரு காட்டில், ரிக் வண்டியின் பின்சக்கரத்துக்கு முன்னால், தரையில் குப்புறப் படுத்திருந்தார். வயிற்றுக்கு அடியில் ஆழ்துளைக் குழி.

ரிக் தொழிலைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிதான் ரிக். குழி போடும்போது மேல்மண் சரியாமல் இருக்க ஒரு குழாயை இறக்குவார்கள். கேசிங் பைப் என்று பெயர். தண்ணீர் வந்தால் பைப் அங்கேயே இருக்கும். வராமல் வெறும் பாறைத்தூள் புகையாகக் கிளம்பினால் வண்டி வைத்து அதைப் பிடுங்கி அடுத்த குழிக்குக் கொண்டுபோவார்கள். பைப் இருக்கும்வரை குழியின் வாய் ஒரு தேங்காய் நுழையும் அளவுதான். பிடுங்கியபின் முதல் மழையில் வாய் உடையும், அடுத்த மழையில் கூடை அளவு ஆகும். அதை மூட மாட்டார்கள். அதற்கு ஒரு நம்பிக்கை உண்டு. தண்ணீர் வராத குழியை மூடுவது மண்ணின் வாயை அடைப்பது. அடைத்துவிட்டால் அப்புறம் அந்தக் காட்டில் எங்கே போட்டாலும் தண்ணீர் வராது. திறந்து விட்டுவைத்தால் அடுத்த ஐப்பசி மழைக்கு ஊற்று திரும்பி வந்தாலும் வரும். ஆகவே எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குழியோரத்தில் வைத்து, கற்பூரம் கொளுத்தி, மேலே ஒரு சாக்கைப் போட்டு, சாக்கு பறக்காமல் இருக்க ஒரு கல்லை வைத்துவிட்டு வருவார்கள்.

அப்படிச் சாக்குப் போட்ட குழி ஒன்றில், பக்கத்து ஊரில், ஒரு குழந்தை விழுந்திருந்தது. இவர் அன்றைக்கு அடுத்த காட்டில் கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் குழிக்குப் பக்கத்தில் படுத்துக் காது வைத்ததில் முதல் ஆள் இவர். குரல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அவ்வளவுதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. அது அவருக்கு உறவுக் குழந்தைகூட இல்லை.

அது நடந்த மறு மாதம்தான் ரிக் வண்டியின் முன்னால் படுத்தார். காட்டுக்காரர் வரப்பின் மேல் நின்று கத்தினார். ஊரில் பெரிய புள்ளி. கூலிக்காரர்கள் அவரைப் 'பண்ணாடி' என்பார்கள்.

"ஏ புள்ள, எந்திரி. இது உன்ற காடா?"

"காடு உங்களுதுங்க பண்ணாடி. உளுகிற கொழந்தை ஆருதுங்க?"

"உனக்கென்ன, உன்ற புள்ளையா உளுந்துது?"

"பெத்தாத்தான் கேக்கோணுமுங்களா?"

பைப்பைப் பிடுங்காமல், அதன் வாயில் இரும்புத் தகட்டை வைத்துப் பற்றவைத்தால்தான் எழுந்திருப்பேன் என்றார். எழுப்ப முடியவில்லை. ரிக் வண்டிக்கு மறுநாள் வேறு ஊரில் வேலை. மத்தியானத்துக்கு மேல் அந்த வண்டிக்காரர்களே சலித்துப்போய்த் தகட்டைப் பற்றவைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அத்துமீறி நுழைந்தார் என்று காட்டுக்காரர் புகார் கொடுத்தார். பொழுது சாயும்வரை இவர் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பருவம் முழுக்க ஊரில் ஒரு காட்டிலும் இவருக்கு வேலை கிடைக்கவில்லை. விடியும் முன் கிளம்பி நடந்துபோய் வெளியூரில் கூலிக்குப் போனார். போகிற வழியில் எங்கே திறந்த குழியைப் பார்த்தாலும் அந்தக் காட்டுக்காரர் வீட்டுக்குப் போய் நிற்பார். திட்டு வாங்குவார். மறுநாளும் போய் நிற்பார். எத்தனை குழிகள் அப்படி மூடப்பட்டன என்று யாரும் எண்ணவில்லை, அவர் உட்பட.

நான் எழுதி அனுப்பிய செய்தி நாலு வரியாக வந்தது. 'ரிக் லாரியை மறித்த பெண்ணால் பரபரப்பு.' ஏன் இப்படி என்று செய்தி டெஸ்க்கில் கேட்டேன். "குழந்தை விழுந்தது செய்தி. விழாதது என்னங்க செய்தி?" என்றார் அங்கிருந்தவர். இத்தனை வருடம் செய்தி எழுதி ஓய்வும் பெற்ற பிறகு ஒன்று மட்டும் தெரிகிறது. ஒரு குழந்தை விழுந்தால் கேமராக்கள் வரும், மந்திரி வருவார், நாடே உட்கார்ந்து பார்க்கும். விழாத குழந்தைகள் காலையில் எழுந்து பள்ளிக்கூடம் போய்விட்டு வருகிறார்கள். எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதே ஒருவரின் தைரியம் என்றால், அதற்குச் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. காப்பாற்றப்பட்டவர்களுக்கே அது தெரியாது.

இந்த முறை என்னை அழைத்தது அந்தக் காட்டுக்காரரின் மகன். அப்பா காலமாகிவிட்டார். மகனுக்கு இரண்டு ரிக் வண்டிகள் ஓடுகின்றன. ஊர்ப் பொங்கல் விளையாட்டு விழாவை அவர்தான் நடத்துகிறார். போனில் பேசியபோது குரலில் மெய்யான உற்சாகம் இருந்தது. "மேடம், இந்த வருசம் நம்ம ஆயாவைக் கௌரவிக்கறோம். அவுங்க கதை இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குத் தெரியோணும். நீங்கதான் அன்னைக்கே எழுதுன ஆளு. வந்து ரெண்டு வார்த்தை பேசோணும்."

நான் சேலத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள். சாயங்கால ஜெபம் முடிந்ததும் அம்மா புனிதர்களின் கதையை வாசிப்பார். ஒவ்வொரு கதையிலும் ஒருவர் தனியாக நிற்பார், ஊரே எதிரே நிற்கும். சிறு வயதில் அந்தக் கதைகள் எனக்குப் பெரிய பலமாக இருந்தன. பின்னால் ஒரு விஷயம் உறுத்தத் தொடங்கியது. கல்லெறிந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் பிறகு சப்பரம் தூக்குகிறார்கள். புனிதரின் சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, ரோஜா நிறம் பூசி, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பெட்டிக்குள் இருப்பவர் எதையும் கேட்க மாட்டார். அது எல்லோருக்கும் வசதி. ஆனால் அதற்கு அந்த மனிதர் செத்துப்போயிருக்க வேண்டும். உயிரோடு இருப்பவருக்கு மூக்குத்தி மாட்டிப் பெட்டியில் வைப்பதை அன்று காலைதான் பார்த்தேன்.

முக்கிலிருந்து அவர் வீட்டுக்குப் போனேன். அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஓரறை வீடு. வாசலில் வேப்பங்குச்சியோடு உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஆடுகள் இரண்டு பக்கத்தில் நின்றன. விழாவுக்கு என்று கொடுத்தனுப்பிய புடவை கட்டில் மேல் கவர் பிரிக்காமல் கிடந்தது.

"வாங்கம்மணி. வரக்காப்பிதான் இருக்குது, பால் இல்ல. குடிக்கறீங்களா?"

"குடிக்கறேன். நீங்க கெளம்பலியா அம்மா? ஒன்பது மணிக்கு விழான்னாங்க."

"நானெங்கீங்க கெளம்பறது? அந்தக் குழிய மூடுனாத்தான் வாரேன்னு ஆளுமேல ஆளு சொல்லியனுப்பிச்சுட்டேன். சரிங்க ஆயா, சரிங்க ஆயாங்கறானுக. சேலைதான் வருது, மண்ணு வரமாட்டீங்குது."

"எந்தக் குழி?"

வாய் கொப்பளித்துவிட்டு, ஆட்டுக்கு முள்ளுக்கொப்பு இழுக்கும் தொரட்டிக்கோலை எடுத்து ஊன்றிக்கொண்டார். இப்போது அதுதான் அவருக்கு ஊன்றுகோலும். "வாங்க, காட்டறேன்."

விளையாட்டு நடக்கப்போவது அறுவடை முடிந்த சோளக்காடு. சோளத்தட்டை அறுத்து, மண்கட்டி உடைத்துச் சமன் செய்திருந்தார்கள். ஓட்டப் பந்தயத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. ஒரு முனையில் மேடை, சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். மறுமுனையில், கோடு முடியும் இடத்திலிருந்து ஒரு பந்து உருண்டு போகும் தூரத்தில், ஒரு கருவேல மரம். அதன் நிழலில் ஒரு சாக்கு. சாக்கின் மேல் பனைமட்டை, மட்டையின் மேல் ஒரு கல். பக்கத்தில் காய்ந்து சுருங்கிய எலுமிச்சை மூடிகள்.

அவர் தொரட்டியால் மட்டையைத் தள்ளிச் சாக்கை விலக்கினார். கூடை அளவு வாய். ஓரத்து மண் உதிர்ந்தது. உதிர்ந்தது எங்கே போய் விழுந்தது என்று சத்தம் வரவில்லை.

"போன கோடைக்குப் போட்டது," என்றார். "புகைதான் வந்துது. பைப்பப் புடுங்கீட்டானுக. எனக்குத் தெரிஞ்சதுலருந்து நாலு மாசமாக் கேக்கறேன். பள்ளிக்கோடத்துக்குப் போற கொழந்தைக இப்பிடிக் குறுக்காலதான் போகுது, பாருங்க." குழியை ஒட்டி, வெள்ளையாகத் தேய்ந்த ஒற்றையடித் தடம் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் விழா நடத்துபவர் வெள்ளைச் சட்டையில் பைக்கில் வந்து இறங்கினார். அவர் காடுதான் இது. என்னைக் கும்பிட்டார். பிறகு ஆயாவைப் பார்த்தார்.

"என்ன ஆயா, இன்னும் சேலை மாத்தலியா? மேடையில உங்க சேரைத்தான் நடுவுல போட்டிருக்கறேன்."

"சேரு கெடக்கட்டுங் கண்ணு. இது என்னது?"

"அதுங்களா... மழைக்கு ஊத்துக் கெடைக்குமான்னு உட்டு வெச்சிருக்கறேன். அடைச்சுட்டா அப்பறம் இந்தக் காட்டுல எங்க போட்டாலும் புகைதான்னு உங்களுக்குத் தெரியாததா?"

"உங்கொப்பனும் இதையேதான் சொன்னாரு."

"அப்பன் காலம் வேற ஆயா. அவரு உங்களைப் போலீஸ்ல உட்டாரு. நான் மேடையில ஏத்தறேன். காலம் மாறிப்போச்சு."

"குழி மாறலியே, சாமி."

பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்தது. "நாளைக்கு ஜேசிபி வருது ஆயா. மூடிப்போடலாம். இப்ப வாங்க."

"அப்ப விழாவையும் நாளைக்கு வெச்சுக்க."

"எல்லாரும் வந்துட்டாங்க ஆயா!"

"உன்ற புள்ளையும் ஓடறாளாமா?"

"ஓடறா. அவ பாத்துத்தான் ஓடுவா."

"பாத்து ஓடற புள்ளையா இருந்தா அப்பறம் எதுக்கு அதுக்குப் பேரு கொழந்தை?"

விழா நடத்துபவர் மேடைப் பக்கம் போனார். மோசமான மனிதர் அல்ல. ரத்ததானம் செய்கிறார், ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கிறார். அப்பா ஜீப்பை வரவழைத்ததற்கு வெட்கப்படுகிறவர். அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் இந்த விழா என்றே எனக்குத் தோன்றியது. அதுதான் என் கோபத்தைக் கிளறியது. அவர் வருந்துவதெல்லாம் பழைய குழிக்காக. அது மூடிக் கிடக்கிறது. தகடு துருவேறியிருக்கிறது, அவ்வளவுதான். புதிய குழியின் மேல் அவர் கையாலேயே சாக்குப் போட்டிருக்கிறார். முன்பு ஒரு காலத்தில் ஒருவர் தைரியமாக இருந்தார் என்று சொல்வது எல்லோருக்கும் பிடிக்கிறது. அதே ஆள் இன்றைக்கு எதிரே வந்து நின்றால் சேலை மாற்றச் சொல்கிறார்கள். 'காலம் மாறிப்போச்சு' என்று இந்த ஊரில் எத்தனையோ வாயிலிருந்து கேட்டுவிட்டேன். முன்பு 'ஏ புள்ள' என்றார்கள், இப்போது 'ஆயா' என்கிறார்கள், மைக்கில் 'வீரத் தாய் அவர்களே' என்கிறார்கள். மாறியது அந்த அளவுதான்.

ஆயா கருவேல நிழலில், குழிக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவில், காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். தொரட்டிக்கோல் மடியில். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒன்பதரைக்கு மைக் அலறத் தொடங்கியது. குழந்தைகள் ஓடினார்கள். எலுமிச்சம்பழக் கரண்டிப் போட்டி, மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி, பெண்களுக்குக் கோலம். ஒவ்வொரு போட்டிக்கும் நடுவில் மைக்கில் ஒரு குரல், "வீரத் தாய் அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்," என்றது. மேடையில் நடு நாற்காலி காலியாக இருந்தது. வீரத் தாய் அவர்கள் எதிர்முனையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு சாக்கு ஓட்டம். இடுப்புவரை சாக்கைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைகள் தத்திக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்த குழந்தைக்கு ஆறேழு வயது இருக்கும். சாக்கு காலில் சுற்றியதில் கோட்டை விட்டு விலகினாள். கூட்டம் கைதட்டியது. கைதட்டலில் குழந்தை இன்னும் வேகமாகக் குதித்தாள், நேரே கருவேல மரத்தைப் பார்த்து. ஆயா எழவில்லை. எழ நேரமும் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தொரட்டியை நீட்டிச் சாக்கின் விளிம்பை மாட்டி வெடுக்கென்று இழுத்தார். குழந்தை பொத்தென்று மண்ணில் உட்கார்ந்தாள். ஒரு நொடி திகைத்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள். அவள் கால் இருந்த இடத்துக்கும் குழிக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான்.

குழந்தையின் தாய் ஓடி வந்தார். குழியை அவர் பார்க்கவில்லை. விழா தொடங்கும் முன் யாரோ சாக்கையும் மட்டையையும் மறுபடி மேலே போட்டிருந்தார்கள்.

"ஏனாயா, உனக்கென்ன பைத்தியமா? புள்ளைய இப்பிடித் தள்ளியுடறே? அவதான மொதல்ல வந்தா? செயிச்சிருப்பால்ல?"

"செயிச்சிருப்பா கண்ணு," என்றார் அவர். "கூட்டீட்டுப் போ. முட்டி செராச்சிருக்குது, மஞ்சள் வெச்சுடு."

"வயசானா ஊட்டுல கெடக்கோணும்," என்று சொல்லிக்கொண்டே தாய் குழந்தையைத் தூக்கிப் போனார். பின்னால் ஓடிப்போய் அந்தத் தாயிடம் குழியைக் காட்டலாம் என்று எழுந்தேன். அவர் தொரட்டியால் என் புடவை முந்தானையைத் தொட்டார். "உடுங்கம்மணி. பாத்தான்னா ராத்திரிக்குத் தூங்க மாட்டா."

அப்போது எனக்கு வந்த கோபத்தை இன்னும் இறக்கிவைக்க முடியவில்லை. சற்று முன் அங்கே ஒரு சாவு நடக்காமல் போயிருந்தது. கைதட்டிய கூட்டத்துக்குத் தெரியாது. தாய்க்குத் தெரியாது. குழந்தைக்கு ஞாபகம் இருக்கப்போவது ஒரு கெட்ட கிழவி தன் பரிசைப் பறித்தது மட்டும்தான்.

அவர் மேடைக்கு வராததால் மேடை அவரிடம் வந்தது. பொன்னாடை, கேடயம், போட்டோக்காரர், விழா நடத்துபவர், இன்னும் சிலர். உட்கார்ந்திருந்தவரின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார்கள். "அண்ணா, சித்தெ இக்கட்டால வாங்க, அந்தச் சாக்கு படத்துல உளுகுது," என்றார் போட்டோக்காரர். எல்லோரும் தள்ளி நின்றார்கள். படம் எடுத்தாயிற்று. அவர்கள் திரும்பியதும் அவர் பொன்னாடையை மடித்துக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். "மண்ணு சில்லுன்னு இருக்குதுங்க," என்றார் என்னிடம்.

என்னையும் பேச அழைத்தார்கள். வீரத் தாய் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறார், எதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், எல்லோரும் திரும்பிப் பாருங்கள் என்றேன். சிலர் திரும்பினார்கள். அதற்குள் ஒலிபெருக்கியில் பாட்டு வந்துவிட்டது. "நேரமாயிடுச்சுங்க மேடம், பரிசு குடுக்கோணும்," என்று மைக்கை மென்மையாக வாங்கிக்கொண்டார்கள்.

மரத்தடிக்கு வந்து அதிகாரிகளுக்குப் போன் செய்தேன். பொங்கல் விடுமுறை. ஒருவர் எடுத்தார், "திங்கக்கிழமை மனு குடுங்க," என்றார். நான் வேலை பார்த்த பத்திரிகைக்குப் பேசினேன். புதிய ஆள், மரியாதையாகப் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏதாவது ஆச்சா மேடம்?" என்றார்.

"இல்லை. ஆகவில்லை."

"சரிங்க மேடம். ஏதாவது ஆனா உடனே சொல்லுங்க."

கடைசி நாற்காலி வண்டியில் ஏறும்வரை ஆயா அங்கிருந்து நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் போனுக்கு விழா நடத்தியவரிடமிருந்து ஒரு படம் வந்தது. தூரத்திலிருந்து எடுத்தது. கருவேல மரம், அதன் அடியில் ஏதோ வெள்ளையாக. 'குழி மூடியாச்சுங்க மேடம். ஆயாகிட்டச் சொல்லிடுங்க. நன்றி.' திங்கட்கிழமை காலை மனுவை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அதைக் கொடுக்கும் முன் நேரில் பார்த்துவிடலாம் என்று போனேன்.

குழியின் மேல் பிளெக்ஸை விரித்திருந்தார்கள். நாலு மூலைக்கும் நாலு கல். காற்றில் கிளம்பாமல் இருக்க ஓரமெல்லாம் மண் அள்ளிப் போட்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் சமதரை. சூரியக் கதிர், பொட்டு, சிரிப்பு எல்லாம் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. நடுவில், மூக்குத்தி இருந்த இடத்தில், பிளெக்ஸ் லேசாகத் தொய்ந்து பனித்தண்ணீர் தேங்கியிருந்தது.

ஆயா எனக்கு முன்பே வந்துவிட்டார். மரத்திலிருந்து தொரட்டியால் இழுத்த முள்ளுக்கொப்புகள் பக்கத்தில் குவிந்து கிடந்தன. கீழே கிடந்த தன் முகத்தைப் பார்த்தார்.

"இது ஆருங்கம்மணி?"

"நீங்கதான்."

"மூக்குத்தியெல்லாம் போட்டுட்டு." ஒரு மூலைக் கல்லைக் காலால் தள்ளினார். "சாக்குன்னாலாவது கொழந்தை சந்தேகப்பட்டு ஒதுங்கிப் போகும். இது மேல ஏறிக் குதிச்சுப் பாக்கும். புடிங்க அந்தப் பக்கம்."

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துச் சுருட்டி மரத்தடியில் போட்டோம். பிறகு குழியைச் சுற்றி முள்ளை வட்டமாக அடுக்கினோம். அடுக்கத் தெரியாமல் நான் கையைக் கிழித்துக்கொண்டேன். விடுமுறை முடிந்து அன்றுதான் பள்ளிக்கூடம் திறந்தது. சீருடையில் பிள்ளைகள் தடத்தில் வரிசையாக வந்து முள்ளைப் பார்த்து நின்றார்கள். சாக்கு ஓட்டத்தில் விழுந்த குழந்தையும் அதில் இருந்தாள். முழங்காலில் மஞ்சள் பூசியிருந்தது. ஆயாவை முறைத்துப் பார்த்தாள்.

"சுத்திப் போங்க சாமி," என்றார் அவர். சுற்றிப் போனார்கள்.

மனுவை அன்றே கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். இதை எழுதும்போது மாசி பிறந்துவிட்டது. ஜேசிபி வரவில்லை. வெயிலில் முள் காய்ந்து உதிர்ந்துவிட்டதால் போன வாரம் அவர் புது முள் வெட்டிப் போட்டார்.